மூளை முடக்குவாதத்தை அறிய ஒரு வயதுவரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகன் 32ஆவது வாரத்தில் குறைப்பிரசவத்தில் பிறந்தவன். இப்போது ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. இடது கையை எந்நேரமும் இறுக மூடியே வைத்திருக்கிறான்; குளிப்பாட்டும்போது அந்தக் கையின் விரல்களைப் பிரித்துக் கழுவ என் மாமியார் சிரமப்படுகிறார். மூளை முடக்குவாதமாக இருக்குமோ என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, ஒரு வயது ஆனால்தான் சொல்ல முடியும் என்றார். காத்திருக்கலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: காத்திருக்க வேண்டாம். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்பது வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடலசைவும் தசைக் கட்டுப்பாடும் குறைபடும் நிலை. குழந்தை நடக்கவேண்டிய பருவம் வந்த பிறகு, 12 முதல் 24 மாதங்களுக்குள் இந்த நோயை உறுதிசெய்வதுதான் நெடுங்கால வழக்கம். உங்கள் மருத்துவரும் அதையொட்டியே சொல்லியிருக்கக்கூடும். ஆனால், குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் போன்ற அபாயக் காரணிகள் உள்ள குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு முன்பே இதைத் துல்லியமாகக் கண்டறிய முடியும் என்பதை, 2017இல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது.

உங்கள் மகன் எட்டு வாரம் முந்திப் பிறந்ததால், அந்த எட்டு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் அவனுடைய வளர்ச்சியை மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுடைய ‘திருத்திய வயது’ இப்போது ஏறத்தாழ 14 வாரம். இந்த வயதில் சில குழந்தைகள் கைகளை மூடி வைத்திருப்பது இயல்பு. ஆனால் ஒரு கை தாராளமாக விரிய, மற்றொன்று மட்டும் இறுகியே இருப்பதை இயல்பென்று விட்டுவிட முடியாது. உங்கள் மாமியார் கவனித்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இந்த 14ஆவது வாரம் பரிசோதனைக்கு மிகப் பொருத்தமான காலம். திருத்திய வயதில் ஒன்பதாவது வாரத்திலிருந்து இருபதாவது வாரம்வரை, விழித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் எல்லாத் திசைகளிலும் சிறுசிறு நெளிவசைவுகள் இடைவிடாமல் தோன்றும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி, பயிற்சி பெற்றவர்கள் இவ்வசைவுகளைக் காணொளியில் பார்த்தே மதிப்பிடுகிறார்கள். இவை அறவே இல்லாதிருப்பது மூளை முடக்குவாதத்தின் வலுவான முன்னறிகுறி. குழந்தையைத் தொடவோ ஊசி குத்தவோ வேண்டியதில்லை. பால் குடித்துத் தெளிவாக இருக்கும் வேளையில், கைகால் மறையாத உடையுடன் மல்லாக்கப் படுக்கவைத்து, பொம்மையும் சூப்பானும் இல்லாமல், யாரும் பேச்சுக்கொடுக்காமல், உடல் முழுவதும் தெரியும்படி மேலிருந்து சில நிமிடங்கள் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். குழந்தை அழுதால் அந்தப் பதிவு பயன்படாது, பிறகு எடுக்கலாம். இன்னும் ஆறு வாரம் போனால் இந்த வாய்ப்பு கடந்துவிடும்.

இதனுடன், குழந்தையின் தசை இறுக்கம், அசைவு, அனிச்சைச் செயல்களை மருத்துவர் நேரில் பார்த்து மதிப்பெண் இடும் ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். 26 கூறுகளுக்கு மொத்தம் 78 மதிப்பெண் கொண்ட இதற்குக் கருவிகள் தேவையில்லை என்பதால் சிறிய ஊரிலும் செய்யலாம். வலது, இடது பக்க வேறுபாட்டையும் இது பதிவுசெய்கிறது. மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூன்றாவது சான்று. ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் நோய் இல்லையென்று அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

சோதனைகளுக்குப் பிறகும் உறுதியாகச் சொல்ல இயலாவிட்டால், ‘மூளை முடக்குவாதத்துக்கான அபாயம் அதிகம்’ என்று மருத்துவர் எழுதித் தருவதே சிகிச்சை தொடங்கப் போதுமானது. பெற்றோருக்கு அந்தச் சொல் எவ்வளவு வேதனை தரும் என்பதை அறிவேன். ஆனாலும், மூளை வேகமாக வளர்ந்து தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் மாதங்களைப் பயிற்சியின்றி இழப்பது அதைவிடப் பெரிய துயரம். பயன்படாத கையை விளையாட்டின் வழியே பழக்கும் பயிற்சியை இந்த வயதிலேயே தொடங்கலாம். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இது இலவசம்; கண், செவிப் பரிசோதனைகளையும் அங்கேயே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: சுகப்பிரசவத்தில், நிறைமாதத்தில் பிறந்த என் மகளுக்கு ஒன்பது மாதமாகிறது, இன்னும் தானாக உட்காரவில்லை. அவளுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்புண்டா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. இந்நோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் குறிப்பிடத்தக்க சிக்கல் எதுவும் இருந்ததில்லை. ஒன்பது மாதத்தில் உட்காராமை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், கால்கள் விறைத்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஹாமர்ஸ்மித் பரிசோதனை செய்துவிடுங்கள். கூடவே தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்; அந்தச் சுரப்பு குறைந்தாலும் வளர்ச்சி பின்தங்கும், அதற்கு மாத்திரை இருக்கிறது.