எல்லைக் கோட்டையை நம்மூர் எல்லைக்குக் கொண்டுவர

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் டி அண்ட் டி (‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’; ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) ஆடுகிறோம். ‘தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத்தை நம் நாட்டார் கதைகளோடு நடத்த ஆசை. அதில் வரும் குட்டி அரக்கனான காப்ளினைக் குட்டிச்சாத்தான், பெரிய அரக்கனான ஓகரை முனி என்று பெயர் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. பெயரை மட்டும் மாற்றினால், குட்டிச்சாத்தான் என்ற பெயரில் அதே காப்ளினைத்தான் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். மாற வேண்டியது, எதிரே நிற்பவரோடு ஆட்டக்காரர்களுக்கு இருக்கும் உறவு.

கேரி கைகாக்ஸ் எழுதிய இந்தச் சாகசம் 1979-80 வாக்கில் வந்தது. எல்லையில் ஒரு கோட்டை, சற்றுத் தள்ளிக் குகைகள் நிறைந்த பள்ளம், குகைக்கொரு அரக்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தீய கோயில். கோட்டைவாசிகளுக்குப் பதவிப் பெயர் மட்டுமே உண்டு. ஆள் பெயரை ஆட்டத்தை நடத்துபவரே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இது பெரிய வசதி.

கோட்டையை மாற்றுவது சுலபம். மதுரை நாயக்கர் காலப் பாளையம் ஒன்றின் மண்கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: பாளையக்காரர், காவல்காரர்கள், சத்திரம், சந்தை. மூலத்தில் கோட்டைக்குள் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் துரோகிப் பூசாரி, பரதேசி வேஷத்தில் வந்த மந்திரவாதி ஆகட்டும். எல்லையில் ஐயனாரும் மண்குதிரைகளும்.

சிக்கல் குகைகளில்தான். மூலத்தில் ஆர்க் என்ற அரக்கன் பிறவியிலேயே தீயவன், கொன்றால் கேள்வியில்லை. நம் கதைகளில் பேய் என்பது நேற்றுவரை நம்மோடு இருந்த ஆள். அநியாயமாகச் செத்து, குறை தீராமல் நிற்கிறது. குறை தீர்ந்தால் அதுவே காவலாகவும் நிற்கும். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும், கழுவேறிய காத்தவராயனும் இன்று கும்பிடப்படும் சாமிகள். அதனால் ஒவ்வொரு குகையையும் ஒரு சாவு நடந்த இடமாக மாற்றுங்கள்: பாழ்கிணறு, ஒற்றைப் புளியமரம், ஊர் கைவிட்ட கண்மாய்.

ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கம். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைப்பார்கள். காப்ளின் குகை இருந்த வழியில், கல் நடப்படாத ஒருத்தியை வையுங்கள். பொழுது சாய்ந்தபின் அவ்வழி போகிறவர்களின் மூட்டை அடிக்கு அடி கனக்கும். அரிவாளால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சந்தையில் விசாரித்து அவள் யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க வேண்டும். கல் நட மறுக்கும் புருஷன் வீட்டாரோடு பேச வேண்டும். கல் நின்றுவிட்டால் அந்த வழி உங்கள் குழுவுக்குப் பாதுகாப்பான வழி.

இதற்குப் புது விதி தேவையில்லை. டி அண்ட் டியின் பழைய ‘பேசிக்’ விதிநூலில் எதிரியின் மனநிலையை அறிய இரண்டு பகடை உருட்டும் அட்டவணை இருக்கிறது: 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் நட்பாகிவிடும். கோடாங்கி உடுக்கை அடித்துக் கேட்பதை அதோடு சேருங்கள். “யாரு நீ? எப்படிச் செத்த? என்ன வேணும்?” ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையைக் குழு முன்கூட்டியே அறிந்திருந்தால் பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி) பாத்திரம் இங்கே சாமியாடி. விரதம் முறிந்தால் அருள் இறங்காது.

மினோட்டாரின் சுழல்வழிக் குகைக்கு நம்மிடமே அருமையான மாற்று உண்டு. தருமபுரி, பொள்ளாச்சிப் பக்கங்களில் கற்களை வரிசையாக வைத்து அமைத்த புதிர்நிலைகள் இருக்கின்றன. ஏழுசுற்றுக் கோட்டை என்றும் சொல்வார்கள். நடுவில் மாட்டுத்தலை அரக்கன் வேண்டாம். வழி தப்பாமல் நடுவுக்குப் போகிறவர் ஒரு வரம் கேட்கலாம் என்று வையுங்கள். மூலத்தில் வரும் ஆந்தைக்கரடியை விட்டுவிடுங்கள், அதற்கு இங்கே வேலையில்லை.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆர்க்குகளுக்குப் பதிலாக எந்தச் சாதியையும், பழங்குடியையும் வைக்காதீர்கள். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலாகி, பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தியது. அந்தப் பழியை விளையாட்டிலும் சுமத்தக் கூடாது. அடுத்து, கருப்பசாமிக்கோ இசக்கிக்கோ உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எழுதாதீர்கள். உங்களில் யாருக்காவது அது குலதெய்வமாக இருக்கும். ஆடத் தொடங்குமுன் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். சாமி குறி சொல்லலாம், வழி மறிக்கலாம்; அடித்து வீழ்த்தும் எதிரியாக வரக் கூடாது.

சண்டையே வேண்டாமா என்றால், வேண்டும். அதை உயிருள்ளவர்களோடு வையுங்கள். தீய கோயில் இருந்த இடத்தில் அந்த மந்திரவாதியின் கூட்டம் இருக்கிறது. அலையும் ஆவிகளைக் கட்டி ஏவல் வாங்குகிறார்கள். குழு சாந்தப்படுத்தும் ஒவ்வோர் ஆவியும் அவன் படையில் ஒன்று குறைவு. வளரியும் வேல்கம்பும் அங்கே பேசட்டும்.

பழைய விதியில், கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஓர் எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி). அந்தந்தக் குகையில் மூலநூல் வைத்திருக்கும் புதையலின் மதிப்பை, அந்த ஆவியின் குறை தீர்த்ததற்கான எக்ஸ்பியாகக் கொடுத்துவிடுங்கள்; லெவல் ஏறும் வேகம் கெடாது. முதல் நாள் ஆட்டத்துக்குச் சந்தையும் சுமைதாங்கியும் போதும். மந்திரவாதியை அன்றைக்கே சத்திரத்துத் திண்ணையில் உட்கார வைத்து, குழுவோடு சிநேகமாகப் பேசவிடுங்கள்.