மாதம் தவறாமல் திரும்பி வரும் பேன்: குழந்தைகளுக்கு வராமல் தடுப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்பு வரை முடி. மாதம் ஒருமுறையாவது தலையில் பேன் வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கடையில் பேன் ஷாம்பூ வாங்கிப் போடுகிறேன். பத்துப் பதினைந்து நாள் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடியும் சொறிய ஆரம்பித்துவிடுகிறாள். மாமியார் சீதாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார். நாத்தனார், பேசாமல் சமயபுரத்தில் மொட்டை போட்டுவிடு என்கிறார். மூன்று வயதில் மகனும் இருக்கிறான், அவனுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பேன் வராமலேயே இருக்க ஏதாவது மருந்து உண்டா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். பேன் வராமல் தடுக்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. பேன் இல்லாத தலையில் முன்கூட்டியே பேன் மருந்து போட்டு வைப்பதால் பலன் இல்லை, தோல் எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் உங்கள் மகள் இப்படி மாதா மாதம் அவதிப்பட வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், புதிதாக யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் விட்டுப்போன ஈறுதான் இந்த மாதம் பேனாகி நிற்கிறது.

எப்படி என்று கணக்குப் பாருங்கள். ஒரு பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடு இருக்கும். நாளொன்றுக்கு எட்டு ஈறு வரை இடும். முடியின் அடியில், தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள், பசை போட்டதுபோல் ஒட்டி வைத்துவிடும். ஈறு பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானே ஈறு இட இன்னொரு 9 முதல் 12 நாள். கடையில் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பேனின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. புதிதாக இட்ட ஈறுக்குள் நரம்பே உருவாகியிருக்காது, அதனால் அது தப்பித்துவிடும். நீங்கள் ஷாம்பூ போட்ட அன்று ஓடிக்கொண்டிருந்த பேன் செத்தது, ஈறு அப்படியே இருந்தது. அடுத்த பத்து நாளில் எல்லாம் பொரித்தன. மூன்றாவது வாரம் அவை ஈறு இட ஆரம்பித்தன. நீங்கள் சொல்லும் "பத்துப் பதினைந்து நாள் சும்மா" என்பது இந்த இடைவெளிதான்.

ஆகவே மருந்தை இரண்டு முறை போட வேண்டும். இரண்டாவது தடவையை எப்போது போடுகிறோம் என்பதுதான் முக்கியம். முதல் தடவை போட்டு ஒன்பதாவது நாள் சரியான நேரம். அதற்குள் ஏறக்குறைய எல்லா ஈறும் பொரித்திருக்கும், ஆனால் எந்தக் குஞ்சும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. ஞாயிறு தொடங்கினால் அடுத்த வாரம் திங்கள் அல்லது செவ்வாய். "பேனே தெரியவில்லையே, எதற்கு வீணாக" என்று அன்றைக்கு விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

எந்த மருந்து? 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் அல்லது கிரீம் ரின்ஸ் நல்லது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே போடலாம். பாட்டிலில் அளவைப் பார்த்து வாங்குங்கள், 5 சதவீதம் என்று போட்டிருப்பது சொறி சிரங்குக்கானது. எண்ணெய்த் தலையில் போடாதீர்கள். சாதாரண ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் மட்டும் இருக்கும்போது தடவுங்கள். அன்றைக்குக் கண்டிஷனர் வேண்டாம், மருந்து முடியில் பிடிக்காது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் வரை போக வேண்டும். கண்ணைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, 10 நிமிடம் கழித்து, குனிய வைத்துத் தலையை மட்டும் அலசுங்கள். மேலே ஊற்றிக் குளிப்பாட்டினால் மருந்து உடம்பெல்லாம் வழியும். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

மருந்து போட்டு எட்டு, பத்து மணி நேரம் கழித்துத் தலையைப் பாருங்கள். பேன் செத்திருந்தாலோ, மந்தமாக நகர்ந்தாலோ மருந்து வேலை செய்கிறது. பழைய வேகத்திலேயே ஓடினால், அந்தப் பேனுக்கு அந்த மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம். பெர்மெத்ரினை எதிர்த்து நிற்கும் பேன் இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அப்போது அதையே மூன்றாம் முறை, நான்காம் முறை என்று போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஐவர்மெக்டின் லோஷன், டைமெத்திகோன் போன்ற வேறு மருந்துகள் உண்டு. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, ஆனால் அது மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

இப்போது சீப்பு. மருந்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். பேன் சீப்பை நன்றாகப் பயன்படுத்தும் வீட்டில் மருந்து தவறினாலும் காரியம் கெட்டுப்போகாது. உலர்ந்த தலையில் வகிடு பிரித்துப் பேன் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் வெளிச்சம் பட்டதும் பேன் முடிக்குள் ஓடி ஒளிந்துவிடும், பாதிதான் கண்ணில் படும். ஈரத்தலையில், கண்டிஷனர் தடவிச் சீவினால் அதன் ஓட்டம் அடங்கிவிடும். கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் சரிதான். மருந்து போடும் நாளில் மட்டும் இரண்டும் வேண்டாம், மருந்தை அலசிய ஈரத்திலேயே சீவுங்கள். எண்ணெய் பேனைக் கொன்றுவிடும் என்று நம்பிவிட வேண்டாம், பேனை மந்தமாக்கிச் சீப்பில் மாட்ட வைக்கும், அவ்வளவுதான்.

உலோகப் பல் வைத்த, நெருக்கமான சீப்பாக வாங்குங்கள். பல்லுக்கிடையே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பல் வளைந்துகொடுக்கும், ஈறு நழுவிவிடும். முதலில் பெரிய சீப்பால் சிக்கெடுத்துவிடுங்கள். பிறகு முடியை நான்கைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள் அளவுக்குப் பழுப்பாக, காலை ஆட்டிக்கொண்டு இருப்பது பெரிய பேன். ஊசி முனையளவு, ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருப்பது குஞ்சு. இந்தக் குஞ்சைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். இடுப்பு வரை முடி என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைக்குக் கையில் ஏதாவது புத்தகம் கொடுத்து, நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார வையுங்கள். முதல் நாள், 5, 9, 13 ஆகிய நாட்களில் இப்படிச் சீவி, 17-ஆம் நாள் ஒருமுறை சோதித்துப் பார்த்தால் போதும். கடைசி இரண்டு தடவையும் துணியில் எதுவும் விழவில்லை என்றால் முடிந்தது.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஈறு என்று பதறாதீர்கள். பொடுகு ஊதினால் பறக்கும், ஈறு விரலால் இழுத்தாலும் முடியைவிட்டு வராது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி, வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆகவே அது பழைய கதை. தோலை ஒட்டி, பழுப்பாக இருப்பதுதான் கவலைக்குரியது. மருந்து போட்ட பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு இருக்கலாம். பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு, பேன் போன உடனே அது நின்றுவிடாது. சொறிகிறாள் என்பதை மட்டும் வைத்து மறுபடி மருந்து போடக் கூடாது. சீவி, உயிருள்ள பேன் கிடைத்தால்தான்.

சீதாப்பழ விதை விஷயத்தில் தயவுசெய்து உறுதியாக இருங்கள். மாமியார் பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அவர் காலத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான். அந்த விதைக்குப் பேனைக் கொல்லும் சக்தியும் உண்டு. ஆனால் அந்தப் பொடியோ, தலை அலசும் தண்ணீரோ ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் வெந்துபோகும். பேனுக்காக இந்த விதையைப் பூசி, கடும் வலியும் கண்ணீரும் மங்கிய பார்வையுமாகக் கண் மருத்துவரிடம் வந்தவர்களைப் பற்றி இந்தியாவிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. எங்காவது அப்படிப் பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மாமியாரிடம் வாதாட வேண்டாம், சீப்பு வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பேன் பார்ப்பதில் பாட்டிகளுக்கு உள்ள பொறுமை நமக்கு வராது.

மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். தோலைப் புண்ணாக்கும், அடுப்படியில் தீப்பற்றும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும், மூட்டைப்பூச்சி மருந்தும் தலைத்தோல் வழியாகவே உடம்பில் ஏறி உயிரைப் பறிக்கக்கூடியவை. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவதையும் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள், கொஞ்சம் வாய்க்குள் போனாலும் வலிப்பு வரலாம். வேப்பெண்ணெயும் அப்படித்தான், குழந்தை விழுங்கினால் ஆபத்து.

மொட்டை? வேண்டுதல் இருந்தால் போடுங்கள், அது வேறு. பேனுக்காக என்றால் தேவையில்லை. முடி இல்லாவிட்டால் பேன் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எட்டு வயதுப் பெண் வகுப்பில் எல்லோரும் பார்க்க மொட்டைத் தலையோடு உட்கார வேண்டியிருக்கும். இரண்டரை வாரம் சீப்பு பிடித்தால் தீர்கிற விஷயத்துக்கு அந்த அவமானத்தைக் கொடுக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட தடுப்பு. பேன் குதிக்காது, பறக்காது. ஊர்ந்துதான் போகும். அதனால் தலையும் தலையும் ஒட்டும்போதுதான் பரவுகிறது. ஒரே போனை இரண்டு மூன்று பேர் குனிந்து பார்ப்பது, ஒரே பாயில் படுப்பது, பெஞ்சில் தோளில் சாய்ந்து பேசுவது எல்லாம் அதற்கு வழி. அழுக்கு, உடம்புச் சூடு, ஏழ்மை எதுவும் காரணம் இல்லை, தினமும் தலைக்குக் குளிக்கும் பிள்ளைக்கும் வரும். பள்ளி நாட்களில் முடியை விரித்துவிடாமல் இரட்டைப் பின்னலாக இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். சீப்பு, ரிப்பன், ஹேர்பேண்ட், துண்டு அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். இதெல்லாம் வாய்ப்பைக் குறைக்கும், முழுக்க அடைக்காது. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து விளையாடாதே என்று சொல்லி வளர்க்கவும் முடியாது.

அதனால் உண்மையான தடுப்பு வாரம் ஒருமுறை ஈரத்தலையில் பேன் சீப்பு போட்டுப் பார்ப்பதுதான். தலைக்குக் குளிக்கும் நாளிலேயே இதைப் பழக்கமாக்கிவிடுங்கள். முதல்முறை பேன் ஏறியவர்களுக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சொறியும் வரை காத்திருந்தால் அதற்குள் ஈறு நூற்றுக்கணக்கில் இருக்கும். வாராவாரம் பார்த்தால் ஒன்றிரண்டு பேனோடு பிடித்துவிடலாம், அந்த நிலையில் மருந்தே இல்லாமல் சீப்பிலேயே தீர்ந்துவிடும். கோடை விடுமுறையில் அத்தை வீடு, பாட்டி வீடு என்று போய் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்து எழுந்து வந்தால், வந்த அன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதே மாதிரி, மகளுக்கு மருந்து போடும் நாளில் நீங்கள், உங்கள் கணவர், மாமியார், மகன் எல்லோர் தலையிலும் சீப்பு போட்டுப் பார்க்க வேண்டும். யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கும் அன்றே மருந்து. மகளோடு ஒரே படுக்கையில் படுப்பவர்களுக்கு மட்டும், பேன் கண்ணில் படாவிட்டாலும் சேர்த்தே போட்டுவிடலாம். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் தோழிகளின் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மறைக்கிறீர்கள், அவர்களும் மறைக்கிறார்கள், நடுவில் பேன் அந்தப் பெஞ்சிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டாம், அது நோய் எதையும் பரப்புவதில்லை.

வீட்டைக் கழுவித் துடைத்து மருந்தடிக்க வேண்டியதும் இல்லை. தலையைவிட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் போட்டால் போதும். சீப்பை நல்ல சூடான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். நாய், பூனைமேல் பழி போடாதீர்கள், மனிதப் பேன் அவற்றின் மேல் வாழாது.

உங்கள் மகனுக்கு முடி குட்டையாக இருக்கும் என்பதால் சீவிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அவனுக்குப் பேன் இருந்தால் அதே 1 சதவீத பெர்மெத்ரினே போதும், இரண்டு தடவை, அக்காவுக்குப் போடும் அதே நாட்களில். சொறிந்து சொறிந்து தலையில் நீர் வடியும் புண்ணோ, தேன் நிறத்தில் பொருக்கோ, பிடரியில் நெறிகட்டியோ இருந்தால் மட்டும், இருவரில் யாராக இருந்தாலும், பேன் மருந்து போடும் முன் தோல் மருத்துவரிடமோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். புண்ணுக்கு முதலில் சிகிச்சை தேவைப்படும்.