ஸ்குவாஷ் மட்டையைப் பிடுங்கி வைக்காதீர்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பதினாறு வயது. ஸ்குவாஷில் தேசிய ஜூனியர் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கிறாள், படிப்பிலும் சோடை போகவில்லை. ஆனால் அவளுடைய பெரியப்பாவும் மாமாவும் "பந்தைச் சுவரில் அடித்தால் சோறு போடுமா, டாக்டருக்குப் படிக்கவை" என்று விடாமல் சொல்கிறார்கள். இரண்டு வருடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், எந்தக் கதவும் இன்னும் மூடிவிடவில்லை.

ஆறுதல் இவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் சேர்க்காதீர்கள்.

பெரியப்பா என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு பத்தி இருக்கிறது. மாமாவுக்கும் ஒரு பத்தி. மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. ஆசை இல்லாத பிள்ளையை மருத்துவத்தில் தள்ளுவது அவளுக்கும் நல்லதில்லை, நாளை அவளிடம் வரப்போகிற நோயாளிக்கும் நல்லதில்லை. நுழைவுத் தேர்வை இருபது வயதிலும் எழுதலாம். பதினாறிலிருந்து பதினெட்டு வரை ஸ்குவாஷை நிறுத்தினால் அந்த இரண்டு வருடத்தை எந்தக் கோச்சாலும் திருப்பித் தர முடியாது.

அதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு அவளை முழுநேர ஆட்டக்காரியாக அனுப்பிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானது. தொழில்முறை ஸ்குவாஷ் சங்கம் நடத்தும் சுற்றில் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் சேலஞ்சர் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளில்தான் ஆட வேண்டியிருக்கும். அவற்றில் சிறிய போட்டிகளின் மொத்தப் பரிசுத்தொகையே சில ஆயிரம் டாலர்தான். அதையும் ஆடுகிறவர்கள் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விமான டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. தங்குமிடம், கோச், பிசியோதெரபி, மாதத்துக்கு ஒரு ஜோடி தேய்கிற காலணி எல்லாம் கைக்காசு. நடுத்தர நிலையில் இருக்கும் ஆட்டக்காரர்கள் பலர் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து நாடுகளின் கிளப் லீக்குகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கியும், இடையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும்தான் சமாளிக்கிறார்கள்.

ஜூனியர் தரவரிசையை வைத்தும் கணக்குப் போட வேண்டாம். ஜூனியர் ஆட்டத்தில் முன்சுவரின் அடியில் இருக்கும் தகடு, அதாவது டின், 48 செ.மீ. உயரம். பந்து அதற்கு மேலேதான் பட வேண்டும். தொழில்முறைப் போட்டியில் அது 43 செ.மீ. அந்த 5 செ.மீ. ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஜூனியரில் ஓடி ஓடி எடுத்தே ஜெயித்த பெண், அங்கே எதிராளி மூலையில் ஒரு டிராப், அதாவது முன்சுவரை ஒட்டி மெதுவாக விழும் அடி, வைத்தால் பந்தைத் தொடவே முடியாமல் நிற்பாள். அதற்குக் காலும் கையும் பழக நான்கைந்து வருடம் வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசு வேலை என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த நான்கைந்து வருடத்தைப் படித்துக்கொண்டே கடக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் உறவினர்கள் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்: அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷ்.

அங்கே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்கள் ஸ்குவாஷ் அணி வைத்திருக்கின்றன. இரண்டு கல்லூரிகள் மோதினால் ஒன்பது பேர் ஒன்பது பேரோடு ஆடுவார்கள், ஐந்து வெற்றி எடுத்த அணி ஜெயிக்கும். ஒன்பதாம் இடத்தில் ஆடும் பெண்ணின் வெற்றியும் முதலிடத்தில் ஆடும் பெண்ணின் வெற்றியும் கணக்கில் ஒன்றுதான். ஆகவே ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் தேடினால் கோச்சுக்கு வேலை ஆகாது. உங்கள் மகள் மாதிரி, உலக ஜூனியர் சாம்பியனாக இல்லாவிட்டாலும் நிலையாக ஆடுகிறவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் டிரினிட்டி என்ற சின்னக் கல்லூரியின் ஆண்கள் அணி, 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 மோதல்களில் ஜெயித்தது. பயிற்சியாளர் பால் அசையான்டே பல நாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து கட்டிய அணி அது.

போட்டிக் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும். கோடை விடுமுறையில் தொழில்முறைப் போட்டிகளை ஆடிப் பார்க்கலாம். ஆனால் பரிசுப் பணத்தை வாங்குவதில் கல்லூரி விளையாட்டு விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இப்போதே ஏதாவது போட்டியில் பரிசுப் பணம் வருவதாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாரியுங்கள்.

படிக்கப் போனால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அவளுடைய கோச் சொல்லலாம். எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்து 2014-இல் பட்டம் வாங்கினார். 2019-இல் உலக சாம்பியன் ஆனார், அப்புறம் மேலும் மூன்று முறை. இங்கிலாந்தின் ஜார்ஜினா கென்னடியும் ஹார்வர்டுதான், 2022 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். நம் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்தவர். இந்தியாவின் சௌரவ் கோஷல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் 2019-இல் உலகின் முதல் பத்துக்குள் நுழைந்தார். கல்லூரிக்குப் போகாமலே உச்சிக்குப் போனவர்களும் உண்டு. மலேசியாவின் நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக சாம்பியன். ஆனால் ஒரு நிக்கோல் டேவிட்டைக் காட்டி ஒரு வீட்டின் சேமிப்பைப் பந்தயம் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். தவிர இந்த ஆட்டத்தில் வயது அவ்வளவு அவசரப்படுத்துவதில்லை. பிரான்ஸின் கிரெகரி கோத்தியே உலகப் பட்டத்தை முதல்முறையாக வென்றபோது அவருக்கு 32 வயது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக வருகிறது. அது தெரிந்தால் இதே உறவினர்கள் "உடனே முழுநேரமாக இறக்கு" என்று கட்சி மாறக்கூடும். அதையும் கேட்காதீர்கள். அங்கே கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

பணத்தில் நான் கறாராக இருப்பேன். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதில்லை. மேலே சொன்ன ஹார்வர்டு முதலான ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி தருவார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறார் என்பதற்காக இடம் மறுப்பதில்லை. பல கல்லூரிகள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். உதவி போக மீதித் தொகை உங்கள் வருமானத்துக்குள் அடங்காவிட்டால் அந்தக் கல்லூரியை மறந்துவிடுங்கள், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. வீட்டை அடமானம் வைத்து அனுப்பினால், அங்கே போய் அவள் அடிக்கும் ஒவ்வொரு பந்திலும் அந்தக் கடன் இருக்கும். இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுகளையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அவளைக் கவனியுங்கள். போட்டி இல்லாத ஒரு வாரத்தில், கூப்பிட ஆளில்லாத நேரத்தில், தனியாகக் கோர்ட்டுக்குப் போகிறாளா? போட்டிகளில் ஆடும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து சூடேறும்வரை எழும்பவே எழும்பாது. அதை அடித்து அடித்துச் சூடாக்கி, பக்கச் சுவரை ஒட்டியே ஐம்பது ஸ்ட்ரெய்ட் டிரைவ் போட்டு, ஒன்று விலகினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிற பெண் என்றால் அவளுக்கு இதில் நிஜமான பிடிப்பு இருக்கிறது. கோப்பை வாங்கும் நாளில் மட்டும் சிரிக்கிறாள், மற்ற நாளெல்லாம் நீங்கள்தான் எழுப்பி அனுப்புகிறீர்கள் என்றால் நான் சொன்ன அமெரிக்கக் கதை எதுவும் அவளுக்கு வேண்டாம். "அப்பாவுக்குப் பிடிக்கும் என்றுதான் ஆடுகிறேன்" என்று சொன்னாள் என்றால் அன்றைக்கே விட்டுவிடலாம், திட்டாமல்.

அவளுக்கு ஆசை இருக்கிறது என்றால் வேலையைத் தொடங்க இதுதான் சரியான வருடம். பள்ளி மதிப்பெண் சரியக் கூடாது. நல்ல பேக்ஹேண்டு இருக்கிறது என்பதற்காக இந்தப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணைத் தள்ளிவைத்துப் பார்ப்பதில்லை. ஜனவரியில் இங்கிலாந்தில் நடக்கும் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன், டிசம்பரில் நடக்கும் அமெரிக்க ஜூனியர் ஓபன், இரண்டையும் கல்லூரிக் கோச்சுகள் கவனிக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஒன்று போதும்.

கோச்சுகளுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியது மகள், நீங்கள் இல்லை. பெற்றோர் எழுதினால் பிள்ளைக்கு ஆர்வமில்லையோ என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். பிறந்த வருடம், பள்ளி மதிப்பெண், தரவரிசை, சமீபத்திய முடிவுகள், அந்தக் கல்லூரியில் என்ன படிக்க விரும்புகிறாள் என்பது, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் வரட்டும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ, வெட்டாமல் ஒட்டாமல், பின்சுவருக்குப் பின்னாலிருந்து எடுத்தது. தன்னைவிடப் பலமானவரிடம் கடைசியான ஐந்தாவது கேம் வரை போய்த் தோற்ற ஆட்டம் இருந்தால் அதையே அனுப்பச் சொல்லுங்கள். களைத்த பிறகு அவள் எப்படி ஆடுகிறாள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.