டிஸ்ட்ரிபியூட்டரை எடுக்கலாம், ஆனால் துளைக்குள் பார்த்துவிட்டு

நண்பரே, கிராங்க் தண்டின் நிலையை அறியும் கிராங்க் சென்சாரும், ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் காயில் பேக்கும் பொருத்தியாகிவிட்டது, இனி இதுவரை பொறியைப் பகிர்ந்தளித்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அந்தத் துளையைத் தகடு வைத்து மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பல பழைய எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுதான் ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் ஆயில் பிரஷரே இருக்காது, பேரிங்குகள் சீக்கிரமே போய்விடும்.

கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி நேராகத் தூக்குங்கள். கியர் பற்கள் சாய்வாக இருந்தால் தூக்கும்போதே ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் உச்சியில் சுழலும் துண்டு) கொஞ்சம் திரும்பும், பயப்பட வேண்டாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் அறுகோணத் தண்டோ, தலையில் காடி வெட்டிய தண்டோ தெரிந்தால் அது பெரும்பாலும் பம்புக்குப் போவதுதான். அப்படியானால் கியரும் தண்டும் உள்ளேயே சுழல வேண்டும். இதற்கென்றே செய்த குட்டைத் தண்டு உங்கள் எஞ்சினுக்குக் கிடைத்தால் அதைப் போடுவதே நல்லது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தலையை வெட்டியும் மூடுகிறார்கள். ஆனால் தண்டு மேலெழும்பாமல் பிடிமானம் இருக்க வேண்டும், அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பம்ப் கிராங்கிலிருந்தே ஓடுகிறது, வேறெதுவும் இந்தத் தண்டை நம்பி இல்லை என்றால் தகடும் ஓ-ரிங்கும் போதும்.

கேம் தண்டின் நிலையை அறியும் கேம் சென்சார் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு சிலிண்டரில் 1-4, 2-3 என ஜோடியாகப் பொறி விடும் காயிலுக்கு அது தேவையில்லை.

அப்புறம், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். எழும்பவில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.