தேன்கூட்டுத் தாளும் அச்சுப் புள்ளியும்: ஸ்கேன் பற்றிச் சில கேள்விகள்

ஸ்கேன் செய்த படத்தில் கட்டம் தெரிகிறது, அலை தெரிகிறது என்று எழுதியவர்கள்தான் இந்த முறை அதிகம். குறை ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் ஒன்றல்ல. அச்சிட்ட படத்தின் புள்ளி வேறு, ஸ்டூடியோ தாளின் மேடுபள்ளம் வேறு. மருந்து தேடும் முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்து அசலைப் பார்த்துவிடுங்கள்.

சிவகாசியில் அச்சான பழைய முருகன் காலண்டரை 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 பிக்சல்) ஸ்கேன் செய்தேன். முகத்தில் அலை அலையாகப் பட்டை விழுகிறது. காலண்டரில் அப்படி எதுவும் இல்லையே சார்?

காலண்டரில் இருப்பவை எல்லாம் புள்ளிகள். ஆப்செட் அச்சில் சயான் (நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று மை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நான்கு பிளேட் (அச்சுத் தகடு). ஒவ்வொன்றின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். வழக்கமாகக் கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0. ஸ்கேனரும் தன் பங்குக்கு ஒரு கட்டத்தை வைத்துத்தான் படத்தை அளக்கிறது. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், வலையில் இல்லாத அலை ஒன்று தெரியுமே, அதேதான் இது. பெயர் மோரே.

200 டிபிஐ போதாது. பத்திரிகை, காலண்டர் அச்சில் அங்குலத்துக்கு 133 முதல் 150 புள்ளி வரிசை இருக்கும். புள்ளியைப் புள்ளியாகவே பிடிக்க அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். நடைமுறையில் 600 வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. ஸ்கேனரின் ஷார்ப்பன் (கூர்மையாக்கும்) வசதியை அணைத்துவிட்டு, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் படத்தை வெட்டிச் சுருக்குவது. இருக்கிற கட்டம் போதாதென்று அதுவும் சேரும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. 600ஐ 133ஆல் வகுத்தால் சுமார் 4.5. அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலரை பிக்சல். அதில் பாதி, 2 அல்லது 2.3, காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் வசதி) அளவு. மங்கலாக்கிய பிறகு படத்தைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருக்கி, கடைசியில் லேசாக ஷார்ப்பன். இந்த வரிசை மாறக்கூடாது.

இன்னொன்று: திரையில் 33 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்கேன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். படத்தைச் சுருக்கிக் காட்டும்போது மென்பொருளே அலையை உண்டாக்கும். 100 சதவீதத்தில் பாருங்கள்.

ஸ்கேனரிலேயே அச்சுப் புள்ளியை நீக்க டீஸ்க்ரீன் என்று ஒரு வசதி இருக்கிறதே, அது போதாதா?

அவசரத்துக்குப் போதும். எப்சன் ஸ்கேன் மென்பொருளில் செய்தித்தாளுக்கு 85, பத்திரிகைக்கு 133, உயர்தர அச்சுக்கு 175 எல்பிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி வரிசை) என்று தேர்வுகள் உண்டு. சரியானதைத் தேர்ந்தால் நன்றாகவே வரும். ஆனால் எவ்வளவு மங்கலாக்குவது என்பதை அதுவே முடிவு செய்துவிடும், திரும்பப் பெற முடியாது. சேர்த்துவைக்க வேண்டிய படம் என்றால் அணைத்துவிட்டு எடுத்து, நீங்களே செய்யுங்கள்.

என் அம்மா அப்பா கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் தேன்கூடு போல் அறுகோணம் அறுகோணமாக இருக்கும் தாளில் உள்ளன. 1970களில் எடுத்தவை. கையில் வைத்துப் பார்த்தால் அழகு, ஸ்கேன் செய்தால் முகமே தெரியவில்லை. மங்கலாக்கினால் கண்ணும் போய்விடுகிறது.

இது அச்சுப் புள்ளி இல்லை, தாளின் மேற்பரப்பு. அதனால் மேலே சொன்ன பிளர் வைத்தியம் இதற்கு ஆகாது; அறுகோணம் பெரியது, அது மறையுமளவு மங்கலாக்கினால் கண் இமை மிஞ்சாது.

ஸ்கேனரின் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் நிழல். நீங்கள் பார்க்கும் தேன்கூடு அதுதான். ஆகவே போட்டோவை ஒருமுறை நேராக வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அதையே 180 டிகிரி திருப்பி, தலைகீழாக வைத்து இன்னொருமுறை. எக்ஸ்போஷரைத் தானியங்கியாக விடாமல் இரண்டுக்கும் ஒரே அமைப்பு. இரண்டாவது ஸ்கேனைக் கணினியில் நிமிர்த்தி, முதலாவதன் மேல் லேயராக (அடுக்காக) வைத்து, ஒன்றோடொன்று பொருத்தி (போட்டோஷாப்பில் ஆட்டோ அலைன் இருக்கிறது), மேல் லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத்தன்மை) 50 சதவீதம் ஆக்குங்கள். முதல் ஸ்கேனில் பளிச்சென்றிருந்த இடம் இரண்டாவதில் நிழல். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முகம் அப்படியே நிற்கும். தேன்கூடு அடியோடு போகாது, பெருமளவு தணியும்.

மிச்சத்துக்கு ஃபூரியே, அதாவது படத்தில் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைப் பிரித்துக் காட்டும் கணக்கு; மென்பொருளில் எஃப்எஃப்டி என்றிருக்கும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டும். பிராசஸ் மெனுவில் எஃப்எஃப்டி கொடுத்தால் நடுவே வெளிச்சமாக ஒரு சாம்பல் நிறப் படம் வரும். படத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அது அங்கே ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். தேன்கூட்டுத் தாள் என்றால் மையத்தைச் சுற்றி ஆறு புள்ளிகள், அதற்கு வெளியே மங்கலாக இன்னும் சில. அவற்றின் மேல் சிறிய கறுப்பு வட்டம் அடித்து இன்வர்ஸ் எஃப்எஃப்டி (மறுபடி படமாக மாற்றுவது) கொடுங்கள். எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டையும் அடிக்க வேண்டும். நடு மையத்தைத் தொடவே கூடாது, படத்தின் மொத்த வெளிச்சமே அங்கேதான் இருக்கிறது. மையத்தின் குறுக்கே ஓடும் சிலுவைக் கோடு பெரும்பாலும் படத்தின் விளிம்பால் வருவது, அதையும் விட்டுவிடுங்கள்.

ஸ்கேனரே வேண்டாம் என்றால், கேமராவை நேர் மேலே மாட்டி, இருபுறமும் 45 டிகிரியில் ஒரேமாதிரி இரண்டு விளக்கு வைத்துப் படமெடுக்கலாம். விளக்குகளுக்கு முன் போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் இருந்தால் மேற்பரப்பின் பளபளப்பு அநேகமாக அணைந்துவிடும். செலவு அதிகம், ஆனாலும் ஆல்பம் ஆல்பமாக வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எஃப்எஃப்டி செய்து பார்த்தேன். தாளின் கட்டம் போயிற்று, கூடவே பாட்டியின் கட்டம் போட்ட சேலையும் வெறும் சேலை ஆகிவிட்டது!

கணக்குக்குத் தாள் எது, சேலை எது என்று தெரியாது. ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தாளின் வடிவம் படம் முழுக்க இம்மியும் மாறாமல் ஓடுவதால் அதன் புள்ளி கூர்மையாக இருக்கும். சேலை மடிப்புக்கு மடிப்பு திசை மாறும், அதனால் அதன் தடம் பரவலாக, தேய்த்ததுபோல் தெரியும். கூர்மையானதை மட்டும் அடியுங்கள். சந்தேகமிருந்தால், பின்னால் இருக்கும் வெறும் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்எஃப்டி செய்யுங்கள். அங்கே வரும் புள்ளி தாளுடையதுதான். அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் எத்தனை பிக்சலுக்கு ஒரு சுற்று, எந்தக் கோணம் என்று காட்டும்; முழுப் படத்தில் அதே எண்களைத் தேடுங்கள். அப்படியும் சேலை போனால், பழைய ஸ்கேனை அடியில் வைத்து அந்த இடத்தில் மட்டும் அது தெரியும்படி மாஸ்க் (மறைப்பு) போடுங்கள்.

இன்க்ஜெட்டில் எடுத்த பிரின்ட்டுக்கு எஃப்எஃப்டியில் புள்ளியே வரவில்லையே?

வராது. இன்க்ஜெட் புள்ளிகள் பெரும்பாலும் ஒழுங்கற்றுச் சிதறியவை, அவற்றுக்குத் திரும்ப வரும் இடைவெளி கிடையாது. பிளரும் சுருக்கமும்தான் வழி.

நாளிதழ் நறுக்கை ஸ்கேன் செய்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது.

பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள். வெள்ளை மூடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வருவதால்தான் அது தெரிகிறது.

ஒரே கிளிக்கில் சரிசெய்யும் ஏஐ ஆப் பயன்படுத்தலாமா?

சுவரையும் திரைச்சீலையையும் கொடுங்கள். முகத்தைக் கொடுக்காதீர்கள், தெரியாத இடத்தை அது இட்டுக்கட்டும். தாத்தா அழகாகத்தான் வருவார், ஆனால் வேறு யாரோவாக.

பழைய மலரில் வந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து எங்கள் சங்க மலரில் மறுபடி அச்சிடப் போகிறோம். அச்சகத்தில் புரூஃப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

எந்த புரூஃப்? இன்க்ஜெட் பிரின்ட் என்றால் அதை நம்ப வேண்டாம். அதில் ஆப்செட்டின் புள்ளிக் கோணங்கள் கிடையாது, எனவே அலையும் தெரியாது. பழைய புள்ளி ஸ்கேனில் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், புதிய பிளேட்டின் புள்ளி அதன்மேல் ஏறும்போதுதான் மோரே கிளம்பும். முதலில் பழைய புள்ளியை முழுக்க நீக்கியாயிற்றா என்று பெரிதாக்கிப் பாருங்கள், முக்கியமாக மஞ்சளும் தோல் நிறமும் உள்ள இடங்களில். பிறகு பிளேட் போட்டு மெஷினில் வரும் முதல் சில தாள்களை நீங்களே நேரில் பார்த்த பின் மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.