முன் டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது: ஷோரூம் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம். மஞ்சள் போர்டு கார் வாங்கி, திருநள்ளாறு, ஆலங்குடி, வைத்தீஸ்வரன்கோயில் என்று நவக்கிரகக் கோயில்களுக்கு நானே வாடகைக்கு ஓட்டுகிறேன். எட்டு மாதம், 19,000 கி.மீ. ஆகிறது. முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்துவிட்டது. வலதில் லேசான தேய்மானம். ஷோரூமில் ‘ரோடு அப்படி, டயருக்கு வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். டயர் கம்பெனி ஆள் ‘டயரில் குறை இல்லை, அலைன்மென்ட் கோளாறு’ என்று எழுதிக் கொடுத்தார். சர்வீஸ் அட்வைசர் நாலு பேர் முன்னால் ‘ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குக் கார்’ என்றார். இரண்டு டயரும் மாற்றிவிட்டேன். பழைய இடது டயரைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன், வலது வீட்டில் இருக்கிறது. ஷோரூமிலேயே செய்த இரண்டு அலைன்மென்ட் சீட்டுகளை இணைத்துள்ளேன். பாதி டயர் விலை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். புதுக் காரும் பத்து லட்சம் நஷ்டஈடும் கேட்கலாமா?

பதில்: சர்வீஸ் அட்வைசர் பேசியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மனவேதனை என்று மனுவில் ஒரு வரி சேர்க்கலாம், அதற்கு மேல் அதில் வழக்கு இல்லை. டயர் கம்பெனியையும் விட்டுவிடுங்கள், அவர்கள் எழுதிக் கொடுத்தது உங்களுக்குத்தான் சாதகம்.

வழக்கு இருப்பது அந்த இரண்டு சீட்டுகளில். 5,000 கி.மீ. சீட்டில் ‘டோ’ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) முதலில் சிவப்பு, அதாவது எல்லை மீறியது; சரிசெய்த பிறகு பச்சை, எல்லைக்குள். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகினால் சரியாகும் விஷயம் அது, பள்ளத்தில் இறங்கினாலே மாறும். ஆனால் இடது கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) எல்லை மைனஸ் 1.25 டிகிரி, உங்கள் சக்கரம் நிற்பது மைனஸ் 2.3. சரிசெய்வதற்கு முன்னும் சிவப்பு, பின்னும் சிவப்பு. 10,000-லும் அதே கதை. சக்கரத்தின் மேல்பகுதி அந்த அளவுக்கு உள்ளே சாய்ந்தால் உள்விளிம்பு தேயாமல் என்ன செய்யும்? உங்கள் காரைப் போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் கேம்பரைத் திருகி மாற்ற வழி கிடையாது. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களான ஸ்ட்ரட், நக்கிள், லோயர் ஆர்ம் இவற்றில் ஏதோ ஒன்று வளைந்திருக்க வேண்டும். அது வளைந்தே வந்ததா, சாலையில் அடிபட்டு வளைந்ததா? நுகர்வோர் கமிஷன் கேட்கப்போவது இந்த ஒரு கேள்விதான். சிவப்பைப் பார்த்துவிட்டும், வாரண்டிக் காலத்தில், வாய் திறக்காமல் வண்டியை வெளியே விட்டது சேவைக் குறைபாடு. அது அவர்கள் அச்சடித்த சீட்டிலேயே இருக்கிறது.

இனி எனக்குக் கவலை தருவதற்கு வருகிறேன். இப்படி வருகிறவர்கள் தோற்பது சட்டத்தில் அல்ல, சாட்சியைத் தங்கள் கையாலேயே அழித்துவிடுவதில்தான். தொழில் நிற்கிறதே என்று வெளிக்கடையில் லோயர் ஆர்மை மாற்றி, அலைன்மென்ட் செய்து, எல்லாம் பச்சையான பிறகு என்னிடம் வருவார்கள். பழைய ஆர்ம் காயலான் கடைக்குப் போயிருக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்றால் பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சொல்கிறது. கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அனுப்ப எதுவும் இல்லையென்றால்? மெக்கானிக் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த நாலு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். நீங்கள் கொடுத்துவிட்ட இடது டயர்தான் முக்கியமான சாட்சி. இன்றே கடைக்குப் போய்க் கேளுங்கள், கிடைத்தால் காசு கொடுத்தாவது திரும்ப வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புது இடது டயர் அதே இடத்தில் தேயும். மூன்று இடத்தில் ஆழம் அளந்து, ஓடோமீட்டர் தெரிய மாதாமாதம் படம் எடுங்கள். டயரை இடம் மாற்றிப் போட விடாதீர்கள். டயரின் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. நெருங்கினால் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். யாத்திரிகர்களை வைத்துப் பரீட்சை வேண்டாம்.

அடுத்த ஆபத்து கையெழுத்து. சர்வீஸ் வேலைகளை எழுதும் ஜாப் கார்டின் அடியில் பொடி எழுத்தில் ‘வேலை முழுத் திருப்தி’ என்று இருக்கும், டெலிவரி அவசரத்தில் போட்டுவிடுவோம். இனிப் போடும்போது ‘இடது கேம்பர் சிவப்பு, சரிசெய்யப்படவில்லை’ என்று கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். பாதி விலைக்கு நீட்டும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு டயருக்காக ஸ்ட்ரட்டையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

என்னிடம் ஒன்றை மறைக்காதீர்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலைப் பணி நடந்த இடங்களிலோ, மழையில் வாய்க்கால் மதகிலோ இடது சக்கரம் பலமாக இறங்கியதா? ரிம்மில் நசுங்கல் உண்டா? இன்சூரன்ஸ் கிளைம் போட்டீர்களா? எதிர்த்தரப்பு அதை எப்படியும் வெளியே எடுத்துவிடும். அடி உண்மை என்றால் வழக்கு வேண்டாம், கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போர்டு என்பதால் ‘வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்பார்கள். பிழைப்புக்காக நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பது மனுவிலேயே இருக்க வேண்டும். முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் நுகர்வோர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

புதுக் கார் கிடைக்காது. குறையுள்ள பாகத்தை மாற்றித் தந்தால் போதும் என்பதே 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பத்து லட்சத்துக்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. ஆய்வு தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் முயலச் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஆகவே சமரசம் செய்யுங்கள், ஆனால் பாதி டயருக்கு அல்ல. வளைந்த பாகம் வாரண்டியில் மாற வேண்டும், கேம்பர் பச்சையான சீட்டு வேண்டும், இரண்டு டயரின் முழு விலை வேண்டும், முன் சஸ்பென்ஷனுக்கு இன்னும் ஓராண்டு பொறுப்பு எழுத்தில் வேண்டும். மாற்றும் முன் உங்கள் கண் எதிரில் அளந்து படம் எடுக்கட்டும். இதைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். மறுத்தால் ஷோரூம், உற்பத்தியாளர் இருவருக்கும் நோட்டீஸ் விட்டு, தஞ்சாவூர் மாவட்டக் கமிஷனில் மனுவோடு சேர்த்தே ஆய்வுக்கும் விண்ணப்பம் போடுங்கள். கெடு இரண்டு ஆண்டு. 5,000 கி.மீ. சீட்டின் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தை நடந்தது என்பதற்காக அது நீளாது.