டெஸ்ட் இன்ஜினியர் வேலைக்கு: ஒரே ஒரு தேடல் அளவீட்டை உருப்படியாகச் செய்யுங்கள்

எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு கோடிங் பக்கம் போவதா, சர்க்யூட்டோடு இருப்பதா என்று குழம்புகிறீர்களா? இரண்டும் சேர்ந்தே தேவைப்படும் வேலை டெஸ்ட், வேலிடேஷன் இன்ஜினியர் வேலை. இறுதியாண்டில் இருப்பவர் ரெஸ்யூமேயில் பத்து மென்பொருள் பெயர்களை அடுக்குவதைவிட, ஒரு தேடல் அளவீட்டை, அதாவது குறிப்பிட்ட விளைவு எந்த வோல்டேஜில் வருகிறது என்று புரோகிராம் மூலம் அளந்து தேடுவதை, முழுதாகச் செய்து காட்டுவது மேல்.

ஒரு சிறிய மாஸ்ஃபெட்டை, அதாவது கேட் முனையின் வோல்டேஜால் டிரெயின் முனைக் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை, எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டையும் டிரெயினையும் இணைத்து வோல்டேஜ் கொடுத்தால், எந்த வோல்டேஜில் கரண்ட் 250 மைக்ரோஆம்பியரைத் தொடுகிறது? பல டேட்டாஷீட்களில் திரெஷோல்டு, அதாவது மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கும் வோல்டேஜ், குறிக்கப்படுவது இந்தக் கரண்டில்தான். 0 முதல் 4 வோல்ட் வரை ஒவ்வொரு மில்லிவோல்டாக ஏறினால் 4,000 அளவீடுகள். வரம்பைப் பாதி பாதியாகச் சுருக்கும் பைனரி தேடலுக்கு 12 போதும். ஓர் அளவீட்டுக்கு 50 மில்லிசெகண்ட் என்றால், 200 விநாடி வேலை ஒரு விநாடிக்குள் முடிகிறது.

இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். எங்கே பிழை வரும் என்று தெரிந்தவரைத்தான் வேலைக்குத் தேடுகிறார்கள்.

முதலில் இரு முனைகளையும் அளந்து, விடை நடுவில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பழுதான சிப்புக்கும் புரோகிராம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடும். கம்ப்ளையன்ஸ், அதாவது கரண்ட் உச்சவரம்பு, 1 மில்லிஆம்பியரில் இருக்கட்டும். 4 வோல்ட் முனையைத் தொடும்போது சிப் சூடாகாது. வோல்டேஜ் மாறியதும் உடனே படிக்காமல் நிலைபெற நேரம் கொடுங்கள்.

இரைச்சல்தான் பெரிய தொல்லை. ஒரு படியில் முடிவு தவறினால் சரியான பாதி கழிந்துவிடும், தேடல் திரும்பி அங்கே போகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அளக்கும் நேரத்தை அதன் முழு மடங்காக வைத்தால் மின்கம்பி இரைச்சல் பெருமளவு அடிபடும். கடைசியில் விடைக்கு இருபுறமும் மறுபடி அளந்து பாருங்கள்.

பைனரி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிரேக்டவுன் வோல்டேஜை, அதாவது சிப் தாங்க முடியாமல் கரண்டைப் பாயவிடும் எல்லையை, தேடும்போது முதல் தாவலே எல்லையைத் தாண்டக்கூடும். அங்கே கீழிருந்து படிப்படியாக ஏறுவதே நல்லது. ஷ்மிட் டிரிகர் என்ற சர்க்யூட்டின் அவுட்புட், இன்புட் ஏறும்போது ஒரு வோல்டேஜிலும் இறங்கும்போது வேறொன்றிலும் மாறும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் அந்த சர்க்யூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வோல்டேஜ் கொடுத்து கரண்ட் அளக்கும் கருவி கையில் இல்லையா? பைத்தானில் மாஸ்ஃபெட்போல நடந்துகொள்ளும் ஒரு ஃபங்ஷனை இரைச்சலும் சேர்த்து எழுதி, தேடலை அதன்மேல் ஓட்டுங்கள். பிறகு கல்லூரி லேபில், கருவிகளோடு பேச உதவும் பைத்தான் லைப்ரரியான பைவிசா வழியாக உண்மையான கருவி. அளவீட்டுக் கருவிகளுக்கான ஸ்கிப்பி (SCPI) கட்டளைமொழி 1990-இல் வந்தது, இன்றும் புழங்குகிறது, கற்றது வீண்போகாது. புரோகிராம் நடுவில் நின்றாலும் அவுட்புட் அணையும்படி பைத்தானின் ‘ஃபைனலி’ பகுதியில் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) எழுதுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது கோடோடு லாக் ஃபைலையும் கொண்டுபோங்கள்: ஒவ்வொரு படியிலும் கொடுத்த வோல்டேஜ், படித்த கரண்ட், கம்ப்ளையன்ஸ் தொட்டதா, எந்தப் பாதி கழிந்தது.